அதிர்வு என்று போனால் உடனே இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்: புல்லட்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) புல்லட் 350 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். அதிர்வு அதிகமாக இருக்கிறது என்று போன என்னிடம், கிராங்க் (பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலை, ரீபோர் (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது) என்று 17,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வண்டி அதே அதிர்வோடு திரும்பி வந்தது. கோளாறு டேங்குக்கு அடியில் ஒரு சின்ன பிராக்கெட்டில் இருந்தது.

என்னுடையது 1994 மாடல், அப்பா வாங்கியது. ஐம்பதைத் தாண்டினாலே ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்ட்டும் உதற ஆரம்பித்தன. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது. திருச்சியில் புல்லட் வேலைக்கென்றே பெயர் வாங்கிய ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒரு ரவுண்டுகூட ஓட்டிப் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் போட்டு ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, "கிராங்க் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கியே ஆகணும்" என்றார்.

அப்புறம் கூப்பிட்டுக் காட்டினார். பேரலை, அதாவது சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்து, "எவ்வளவு ஆட்டம் பாருங்க சார்" என்றார். பலரை மடக்குவது இந்த இடத்தில்தான். ராடு பக்கவாட்டில் கொஞ்சம் நகரத்தான் செய்யும். ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டில் அந்த இடைவெளியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது மேல்-கீழ் ஆட்டம். ராடை நேராக மேலே இழுத்துக் கீழே அழுத்தும்போது கையில் 'டக்' என்று தட்டினால்தான் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி அவர் அசைத்துக் காட்டவே இல்லை.

வண்டி புகை கக்கவில்லை, ஆயிலும் குடிக்கவில்லை, சிலிண்டர் தேய்ந்த அறிகுறியே இல்லை. ஆனாலும் இன்ஜினை இறக்கினதோடு ரீபோரும் போட்டுவிட்டார். ஒவ்வொரு முறை ரீபோர் போடும்போதும் பேரலின் ஆயுள் கொஞ்சம் போகிறது. இன்னொரு விஷயம், ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் மேலும் கீழும் ஓடும் எடையில் ஒரு பகுதியைத்தான் பிளைவீல் (கிராங்கோடு சுழலும் கனமான சக்கரம்) சமன் செய்ய முடியும். 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) உள்ள இந்த இன்ஜினில் ஓரளவு அதிர்வு இருக்கத்தான் செய்யும். எடை மாறிய டூப்ளிகேட் பிஸ்டனைப் போட்டால் அதுவே கூடவும் செய்யலாம். பழைய பிஸ்டனையும் புதியதையும் தராசில் வைத்தீர்களா, கிராங்க் கோணாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்து ட்ரூ பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. "புது வேலை சார், ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

செட் ஆகவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். அவர் முதலில் வண்டியை எடுத்து ஓட்டினார். அறுபதில் போய் கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டார், அதிர்வு நின்றது. அப்படியானால் சக்கரத்தில் கோளாறு இல்லை. நிறுத்தி நியூட்ரலில் முறுக்கினார், அதிர்வு வந்தது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் காரணம் இல்லை. அடுத்து நேராக டேங்கைக் கழற்றினார்.

புல்லட்டில் முன்பக்கக் குழாய் இன்ஜினுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பிரேமின் அடிப்பாகமாக இருப்பதே இன்ஜின்தான். அதனால் இன்ஜினைப் பிரேமோடு பிடிக்கும் பிளேட்களின் ஸ்டட்களும் (நீள போல்ட்கள்), சிலிண்டர் ஹெட்டைப் பிரேமோடு பிடிக்கும் ஹெட் ஸ்டெடி பிராக்கெட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். என் வண்டியில் பின்பக்க ஸ்டட் நட்டு லூஸ். ஹெட் ஸ்டெடியில் விரிசல். அந்த விரிசலுக்கு மேல் புதுக் கறுப்பு பெயிண்ட்!

இன்ஜினை இறக்க வேண்டுமென்றால் அந்த பிராக்கெட்டைக் கழற்றாமல் முடியாது. முதல் மெக்கானிக் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, பெயிண்ட் அடித்து, திரும்ப மாட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். புது பிராக்கெட்டும் கூலியும் சேர்த்து 650 ரூபாய். இப்போது புல்லட்டுக்கு உரிய அதிர்வு மட்டும்தான் இருக்கிறது.

திரும்பப் போய்ப் பழைய ராடு, பிஸ்டனைக் கேட்டேன். "பழைய இரும்புக்குப் போட்டாச்சு சார்." பில் கேட்டால் துண்டுச்சீட்டில் 'இன்ஜின் ஒர்க்' என்று எழுதி மொத்தத் தொகை மட்டும் போட்டுத் தந்தார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

இப்போது யாராவது வண்டியை இன்ஜின் வேலைக்கு விட்டிருந்தால், இன்றைக்கே போய் ராடின் மேல்-கீழ் ஆட்டத்தை உங்கள் கையால் அசைத்துப் பாருங்கள். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். புகார் என்று போனால் அவைதான் சாட்சி.