பிங்க்டி மெயிலர்: பாண்டி–கடலூர் டயல்-அப் பிபிஎஸ்ஸுக்கு ஒத்துவருமா?

பிங்க்டி (binkd) இலவசம், அளவில் சின்னது, டெபியன் லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். பிபிஎஸ் என்பது போனிலோ இணையத்திலோ உள்ளே வந்து செய்தி படிக்கவும் எழுதவும் உதவும் கணினிப் பலகை. ஃபிடோநெட், அந்தப் பலகைகள் தமக்குள் செய்திக் கட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் வலையமைப்பு, அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. அந்தப் பாணி வலையமைப்பில் பிங்க்டி மெயிலர் வேலையை மட்டும் பார்க்கிறது. நம் நோடிலிருந்து கோப்பை எதிர் நோடுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும், அங்கே நமக்காக வைத்திருப்பதை வாங்கி வரும். கட்டைப் பிரிப்பது, செய்திகளை அந்தந்த ஏரியாவில் போடுவது, பதில்களை மறுபடி கட்டுவது எல்லாம் டாஸர் என்ற வேறொரு நிரலின் பாடு. பையைத் தூக்கி வரும் தபால்காரரிடம் போய்க் கடிதத்தை ஏன் பிரித்துப் படிக்கவில்லை என்று கேட்க முடியாதல்லவா? "மெயில் வரவில்லை" என்று பிங்க்டியைத் திட்டும் இடங்களில் பெரும்பாலும் கோளாறு டாஸரிலோ, இரண்டுக்கும் நடுவே, அனுப்ப வேண்டியதை வைக்கும் அவுட்பவுண்ட் கோப்புறையிலோதான் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். பிங்க்டி மோடத்தைத் தொடாது. அது பேசும் பிங்க்பி நெறிமுறை இணைய வழியில் மட்டும் ஓடும், போர்ட் 24554. போன் லைனில் வரும் நோடுகளுக்குத் தனியாக ஐஎஃப்சிகோ போன்ற ஒரு நிரல் வேண்டும். இரண்டும் பிங்க்லி என்ற பழைய மெயிலரின் பாணி அவுட்பவுண்டைப் படிப்பதால் ஒரே கோப்புறையில் சண்டையில்லாமல் வேலை செய்யும். எனவே இங்கே எடுத்துக்கொண்ட அமைப்பு இது: புதுச்சேரியில் ஒரு லினக்ஸ் பெட்டி, மேல் ஹப்புக்கு (நமக்கு மெயில் தரும் மேல்நிலை நோடு) ஃபைபர் வழியாக பிங்க்டி, கடலூர் நோடு மட்டும் 0413 எண்ணை டயல் செய்து உள்ளே வரும்.

கான்ஃபிக் கோப்பு ஒன்றே ஒன்று. முக்கியச் சொற்களை ஆங்கிலத்தில் தட்டினாலும் வரிகள் எளியவை: டொமைன், அட்ரஸ், இன்பவுண்ட் (வந்த கட்டுகள் விழும் கோப்புறை), லாக், நோடு. நோடு வரியில் முகவரி, ஹோஸ்ட், பாஸ்வேர்டு, ஃப்ளேவர் (மெயிலின் அவசர வகை) என்ற வரிசை. ஹோஸ்ட் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் டிஎன்எஸ்ஸில் தேடிக்கொள்ளும். வெறும் கோடு போட்டால் அந்த நோடை பிங்க்டி அழைக்கவே அழைக்காது. கடலூர் நோடுக்கு இந்தக் கோடுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் போனில் மட்டும் இருக்கிற ஆளை இணையத்தில் தேடிக்கொண்டே இருக்கும். மேல் ஹப்புக்கு எம்டி விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள், பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகப் போகாது. இணைப்பு அடிக்கடி அறுகிற இடத்தில் என்ஆர் விருப்பமும் நல்லது. அதில் கோப்பு எந்த இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று எதிர்முனையிடம் கேட்டுக்கொண்ட பிறகே அனுப்பத் தொடங்கும்.

பாஸ்வேர்டில் ஒரு குழப்பம் எப்போதும் நடக்கும். செஷன் பாஸ்வேர்டு (இரு நோடுகள் இணையும்போது கேட்பது) வேறு, பாக்கெட் பாஸ்வேர்டு (செய்திக் கட்டின் தலைப்பில் இருப்பது) வேறு, ஏரியாஃபிக்ஸ் பாஸ்வேர்டு (ஏரியாக்களில் சேரவும் விலகவும் கொடுப்பது) வேறு. முதலாவது பிங்க்டியில், மற்ற இரண்டும் டாஸரில். பாக்கெட் தலைப்பில் 8 பைட்டுக்குத்தான் இடம் என்பதால் மூன்றுக்கும் ஒன்றையே வைக்க விரும்புகிறவர்கள் 8 எழுத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நோடு வரியில் பாஸ்வேர்டை விட்டுவிட்டால் பிழை எதுவும் வராது. வந்த கட்டு பாதுகாப்பில்லாத இன்பவுண்டில் போய் உட்காரும், அங்கிருந்து டாஸர் எக்கோமெயிலை (ஏரியாக்களில் எல்லோருக்கும் போகும் செய்திகளை) எடுக்காது. லாக்கில் எல்லாம் சுபம், ஏரியாவில் ஒரு செய்தியும் இல்லை என்றால் முதலில் அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

இப்போது ஆளை அலைக்கழிக்கும் இடம். அவுட்பவுண்டில் கோப்பின் பெயரே முகவரி: நெட் எண் நான்கு இலக்கம், நோடு எண் நான்கு இலக்கம், இரண்டும் ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்). தனி வலையமைப்பு ஒன்றில் 99:605/21 (சோன்:நெட்/நோடு) என்ற நோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 605 ஹெக்ஸில் 025டி, 21 என்பது 0015. ஆக 025டி0015 என்ற பெயரில், சாதாரண மெயிலுக்கு எஃப்எல்ஓ, அவசர (க்ராஷ்) மெயிலுக்கு சிஎல்ஓ, அவர்களே வந்து எடுத்துக்கொள்ள எச்எல்ஓ என்ற நீட்டிப்புடன் கோப்பு உருவாகும். சோன் எண் கோப்புறைப் பெயரில் வரும், 99 என்றால் அவுட்பவுண்ட்.063. ஆனால் டொமைன் வரியின் கடைசியில் இயல்பு சோன் என்று எந்த எண்ணைக் கொடுத்தீர்களோ, அந்த சோனுக்கு மட்டும் நீட்டிப்பு இல்லாத கோப்புறை. டாஸர் 99-ஐ இயல்பு சோன் என்று நினைத்து வெறும் அவுட்பவுண்டில் போடும். பிங்க்டி வேறு எண்ணை நினைத்து 063-இல் தேடும். இரண்டும் தவறு சொல்லாது, மெயில் மட்டும் நகராது. பழைய ஆசிய உதாரணக் கோப்புகளைப் பார்த்து 6 என்று எழுதுபவர்கள் கவனிக்க: ஃபிடோநெட்டில் 6-ஆம் சோன் 2007-இல் கலைக்கப்பட்டு, மிச்ச நோடுகள் 3-ஆம் சோனில் சேர்ந்துவிட்டன.

அனுமதி விஷயமும் இதே ரகம். டாஸரை ரூட்டாகவும் பிங்க்டியைத் தனிப் பயனராகவும் ஓட்டினால், அனுப்பி முடித்த கட்டை அழிக்க முடியாமல் அடுத்த அழைப்பில் அதையே மறுபடி அனுப்பும். இரண்டையும் ஒரே பயனர் பெயரில் வையுங்கள். கட்டு வந்ததும் டாஸரை ஓட்ட எக்ஸெக் வரி இருக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு செஷன் வந்தால் டாஸர் இரண்டு முறை கிளம்பும் அபாயம் உண்டு. ஃப்ளாக் வரியால் ஒரு அடையாளக் கோப்பை மட்டும் உருவாக்கச் சொல்லிவிட்டு, அதைப் பார்த்து ஒரே ஸ்கிரிப்ட் டாஸரை ஓட்டுவது மேல்.

மழைக்காலத்தில் கரண்ட் போவது நம் பக்கம் புதிதல்ல. செஷன் நடுவே பெட்டி அணைந்தால் அந்த நோடு வேலையில் இருக்கிறது என்று காட்டும் பிஎஸ்ஒய் கோப்பு அப்படியே கிடக்கும். அது இருக்கும்வரை பிங்க்டியும் அழைக்காது, ஐஎஃப்சிகோவும் தொடாது. கில்-ஓல்ட்-பிஎஸ்ஒய் வரியில் பொதுவாகப் போடும் 43200 நொடி என்பது 12 மணி நேரம், இங்கே அது ரொம்ப அதிகம். 3600 போதும். பெட்டி எழும்போதே எல்லா பிஎஸ்ஒய்யையும் அழிக்கும் ஒரு வரியைத் தொடக்க ஸ்கிரிப்டில், பிங்க்டி கிளம்புவதற்கு முன் சேர்த்தால் இன்னும் நிம்மதி. மோடத்துக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் கட்டாயம்.

வீட்டு ஃபைபர் திட்டங்களில் பொது ஐபி கிடைக்காமல் பலருக்கும் ஒரே ஐபி பகிரப்படும் நிலை இருந்தால், ரவுட்டரில் 24554-ஐத் திறந்துவிட்டும் பயனில்லை. அதற்காக நிலையான ஐபிக்குக் காசு கட்டத் தேவையில்லை. பிங்க்பி இருவழி, நாம் அழைத்தாலும் ஹப் நமக்கான மெயிலை அதே செஷனில் தந்துவிடும். கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் லினக்ஸ் வசதி) அரை மணிக்கு ஒரு முறை, சிறிய பி, பெரிய பி இரண்டு விருப்பங்களும் சேர்த்து ஹப் முகவரியைக் கொடுத்தால், அழைத்து, வேலை முடிந்ததும் வெளியேறிவிடும்.

மோடம் பக்கம் சுருக்கமாக. யுஎஸ் ரோபாட்டிக்ஸ் சீரியல் மோடம் இருந்தால் ஏடி&எஃப்1, எஸ்0=0. போனை எடுப்பது எம்கெட்டி என்ற நிரல், மோடம் தானாக எடுக்கக் கூடாது. எம்கெட்டியை ஃபிடோ ஆதரவோடு கம்பைல் செய்து, லாகின் கான்ஃபிக்கில் ஃபிடோ வரியின் முன்னால் இருக்கும் குறிப்புக்குறியை எடுத்தால்தான் ஐஎஃப்சிகோவுக்கு அழைப்பு போகும். நம்மூர் டயல்டோனை மோடம் அடையாளம் காணாமல் திரும்பி வந்தால் எக்ஸ்3 சேருங்கள். போன் இணைப்பே ஃபைபர் பெட்டியிலிருந்து வருவதாக இருந்தால் 33600-க்கு ஆசைப்பட வேண்டாம், &என்8 கொடுத்து 14400-இல் நிறுத்துங்கள். 100 கேபி கட்டு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் அறாது. செம்புக் கம்பி இன்னும் இருக்கும் வீடுகளில், குறிப்பாகக் கடலை ஒட்டிய தெருக்களில், உப்புக்காற்று இணைப்பு முனைகளைத் தின்றுவிடும். போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்திக் கேளுங்கள். இரைச்சல் கேட்டால் மோடம் அமைப்பை மாற்றுவது வீண், முனையைச் சுரண்டிப் புதிதாக முறுக்குவதே வழி.

தமிழில் எழுதப் போகிறவர்கள் ஒரு சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். ஃபிடோநெட்டின் ஆரம்பத் தரநிலை, ஹெக்ஸ் 8டி என்ற பைட்டை மென் வரிமுறிவு என்று ஒதுக்கி, படிக்கும்போது புறக்கணிக்கச் சொல்கிறது. யுடிஎஃப்-8-இல் தமிழ்ப் புள்ளி மூன்று பைட்: இ0, ஏஎஃப், 8டி. தமிழ் எழுத்துகளில் இந்தக் கடைசி பைட் புள்ளிக்கு மட்டுமே வருகிறது! ஆகவே பழைய நிரல் வழியில் இருந்தால் "மாலை மழை" பத்திரமாகப் போய்ச் சேரும், "காற்று" உடைந்து கேள்விக்குறியாகும். சோதனைச் சொல்லாகத் திருப்பாதிரிப்புலியூரை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று புள்ளி இருக்கிறது. முதலில் நேரடி நெட்மெயிலில் (ஒருவருக்கு மட்டும் போகும் செய்தியில்), பிறகு எக்கோவில் அனுப்பிப் பார்த்தால் எந்தப் படியில் விழுகிறது என்று தெரிந்துவிடும். பிங்க்டி உள்ளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை, குற்றவாளி டாஸரோ, செய்தி எழுதும் எடிட்டரோதான். தலைப்பு வரிக்கு 71 பைட்டுதான் என்பதும் நினைவிருக்கட்டும்: திருப்பாதிரிப்புலியூர் மட்டுமே 66 பைட்டைச் சாப்பிட்டுவிடும். அனுப்புநர், பெறுநர் பெயருக்கு 35. "புதுச்சேரி" 30-இல் அடங்கிவிடும், அதற்குமேல் ஒரு எழுத்துக்குத்தான் இடம்.

சிங்க்ரோனெட் என்ற பிபிஎஸ் நிரலை நடத்துகிறவர்களுக்கு அதிலேயே பிங்க்இட் என்ற மெயிலர் இருக்கிறது, மிஸ்டிக் என்ற பிபிஎஸ் நிரலிலும் உள்ளேயே உண்டு. டயல்-அப் நோடு எதுவும் இல்லாமல் அந்த இரண்டில் ஒன்றை ஓட்டுபவர்கள் பிங்க்டியைத் தேடி வர வேண்டியதில்லை. போன் லைனும் ஃபைபரும் ஒரே அவுட்பவுண்டைப் பகிர வேண்டும் என்றால், தயங்காமல் இதையே எடுக்கலாம். லாக்லெவல் 4 வைத்து, முதல் அழைப்பில் எம்டி5 பாதுகாப்புள்ள செஷன் என்ற வரி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கடலூர்க்காரரை டயல் செய்யச் சொல்லுங்கள்.