அழுத்தமா, அளவா? பழைய காரின் பெட்ரோல் கோளாறைக் காட்டிக்கொடுப்பது எது

சமதளத்தில் மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. மேடு வந்தால் இழுவை குறைகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி திணறுகிறது. பழைய காரில் இதைக் கண்டதும் பலர் நேராகப் பெட்ரோல் பம்பை மாற்றிவிடுகிறார்கள். நல்ல பம்ப் ஒன்று குப்பைக்குப் போன பிறகும் திணறல் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. மாற்றும் முன் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு: பிரஷர் கேஜ் மாட்டி அழுத்தம் பார்ப்பது, வரும் பெட்ரோலைப் பிடித்து அளப்பது.

கேஜ் சோதனை சீக்கிரம் முடியும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் அழுத்தம் 0.3 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஒட்டியே இருக்கும். சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) உள்ள பழைய வண்டிகளில் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 பார். உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். இன்ஜெக்டர் வண்டியில் கேஜின் அருமை தெரிவது இன்ஜினை நிறுத்திய பிறகுதான். முள் மளமளவென்று இறங்கினால் பம்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுப்பது), ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைப்பது), ஒழுகும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டிக்கு இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது: உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது.

இழுவைக் குறைவுக்கு மட்டும் கேஜை நம்பி முடிவெடுக்க மாட்டேன். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, இன்ஜினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் கொஞ்சம். தேய்ந்த பம்பும் பாதி அடைத்த ஃபில்டரும்கூட அதற்கு ஈடுகொடுத்துவிடும். முள் சரியான இடத்திலேயே நிற்கும்.

அளந்து பார்த்தால் அந்த மறைப்பு விலகும். மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் உள்ள வண்டியில் அதன் முனையை அளவுக் குறியுள்ள கலனில் விட்டு, பம்பை 30 விநாடி ஓடவிடுங்கள். பல இன்ஜெக்டர் வண்டிகளில் அரை லிட்டரை ஒட்டி வர வேண்டும். குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்து மீண்டும் அளங்கள். அளவு கூடினால் டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. அடுத்து புது ஃபில்டர். அதற்கும் அளவு அசையவில்லையென்றால் ஓடும் பம்பின் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர், ரிலே, எர்த் இணைப்புகளைப் பாருங்கள். மின்சாரமும் சரியாக இருந்து, டேங்குக்குள் இருக்கும் சல்லடையும் சுத்தமாக இருந்தால் மட்டுமே பம்பைக் குறைசொல்லலாம். கலனின் அடியில் துருவும் தண்ணீரும் தங்குவது கண்ணுக்குத் தெரியும். இது கேஜால் முடியாதது.

அளப்பதில் ஆபத்து அதிகம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், திறந்தவெளி வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். இரண்டு சோதனையிலும் வண்டி தேறிவிட்டால் பெட்ரோல் பக்கத்தை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள்.