‘சுத்த மூலிகை’ என்று விற்ற காய்ச்சல் பொடியில் பாரசிட்டமால்

சிங்கப்பூரில் கைக்குழந்தை, சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

என் மகனுக்கு இரண்டு வயது, எடை 11 கிலோ. போன மாதம் சளியும் காய்ச்சலும். சீனாவிலிருந்து வரும் சிறுவர் காய்ச்சல் பொடியை இணையத்தில் ஒருவர் விற்கிறார். எங்கள் புளோக்கில் பலரும் அவரிடம்தான் வாங்குகிறார்கள். வாங்குமுன் அவரிடம் கேட்டேன்: இதில் ஆங்கில மருந்து ஏதும் இருக்கிறதா? பலதுறை மருந்தகத்தில் தந்த பாரசிட்டமால் சிரப்போடு சேர்த்துக் கொடுக்கலாமா? “நூறு சதவீதம் மூலிகை. தாராளமாகக் கொடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட்” என்று எழுத்திலேயே பதில் வந்தது.

பொடி நல்ல இனிப்பு. வெந்நீரில் கரைத்துக் கொடுத்ததும் மடமடவென்று குடித்துவிட்டான். காய்ச்சலும் இறங்கியது. ஆனால் மறுநாள் எழுப்ப எழுப்பக் கண் சொக்கி விழுந்துகொண்டே இருந்தான். பெட்டியில் இருந்ததெல்லாம் சீன எழுத்து. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் ஓடினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தவர், பாதியிலேயே நிமிர்ந்து, “இது பனடோல் மருந்தும்மா!” என்றார்.

ஒரு பாக்கெட்டில் பாரசிட்டமால் 125 மில்லிகிராம், தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் 0.5 மில்லிகிராம், செயற்கைக் கோரோசனை 5 மில்லிகிராம். அந்தத் துளிக் கோரோசனையைக் காட்டித்தான் மொத்தப் பெட்டியையும் நாட்டு மருந்தாக விற்றிருக்கிறார். சீனாவில் இது மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரணச் சளி மருந்து. தயாரித்தவர்கள் எதையும் மறைக்கவில்லை, பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நமக்குச் சீனம் தெரியாது என்ற தைரியத்தில் பொய் சொன்னது இங்கே விற்ற ஆள்தான்.

பிள்ளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரைதான் ஒருவேளை பாரசிட்டமால் அளவு. என் மகனுக்கு மிஞ்சிப்போனால் 165. சிரப்பில் 150, பொடியில் 125 என்று ஒரே வேளையில் 275 உள்ளே போயிருக்கிறது. அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்து, இரவெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். கடவுள் புண்ணியத்தில் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சீன மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆன்ட்டி அழைத்துப்போன பதிவுபெற்ற சீன வைத்தியர் அந்தப் பெட்டியைப் பார்த்து என்னைவிடக் கொதித்தார். சீன மருந்து என்று விற்பதில் ஆங்கில மருந்து கலந்திருக்கவே கூடாது, அது இங்கே சட்டம். வைத்தியர் பதிவுபெற்றவரா என்பதையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று. பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறை) என்று எழுதித் தந்த பிள்ளையா? கோரோசனை, முத்துப் பொடி கலந்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

விற்றவர் பணத்தைத் தரவில்லை, என் எண்ணையும் முடக்கிவிட்டார். சுகாதார அறிவியல் ஆணையத்தில் பெட்டியோடு புகார் கொடுத்திருக்கிறேன்.

இந்த மாதிரிப் பொடி உங்கள் வீட்டில் இருந்தால், சீனம் தெரியாவிட்டாலும் பொருள் பட்டியலில் 125 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டாலும் பெட்டியை மருந்தாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிரப்போடு சேர்த்துக் கொடுத்திருந்தால், பிள்ளை ஓடியாடி விளையாடினாலும் காத்திருக்க வேண்டாம். பாரசிட்டமால் கல்லீரலைக் கெடுப்பது முதல் நாளில் வெளியே தெரியாது. பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் போங்கள்.