ஆண்ட்ராய்டு 14: எழுத்துப் பெரிதாக்கும் வசதி எப்படி?

2023இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14, எழுத்தின் அளவை 200 விழுக்காடு வரை கூட்டிக்கொள்ள வழி செய்தது. ஏற்கெனவே பெரிதாக உள்ள தலைப்புகளை அதே விகிதத்தில் ஊதவிடாமல், சிறிய எழுத்துகளையே அதிகம் வளர்ப்பதுதான் இதன் உண்மையான சிறப்பு. அப்பாவின் கைபேசியில் இதை அமைத்த பிறகு, குறுஞ்செய்தி வந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதில்லை.

எழுத்தளவும், பொத்தான்கள், படங்கள் உட்படத் திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கும் காட்சியளவும் தனித்தனி அமைப்புகள். இரண்டையும் உச்சத்தில் வைத்தால் திரையில் சில வரிகளே நிற்கும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் தொல்லை இன்னும் கூடுதல்: ஒரு வங்கிச் செயலியில் ‘பணம் அனுப்புக’ என்ற பொத்தான் ‘பணம் அ...’ என்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. (இது செயலியை வடிவமைத்தவர்களின் அலட்சியமே.) அத்தகைய இடங்களில், மூன்று முறை தட்டினால் திரையைப் பெரிதாக்கும் உருப்பெருக்கி கைகொடுக்கிறது, ஆனால் அந்தக் குறுக்குவழியை இயக்கி வைத்தால், ஒற்றைத் தட்டலுக்கும் கைபேசி சற்றுத் தாமதித்தே இணங்குகிறது.

இரவில் படிப்போருக்கு, ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள, திரை வெளிச்சத்தை வழக்கமான குறைந்த அளவுக்கும் கீழே இறக்கும் கூடுதல் மங்கல் வசதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிறத் தலைகீழாக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. பேரக்குழந்தையின் புகைப்படத்தைக்கூட அது பழைய ஃபிலிம் நெகட்டிவ் போலக் காட்டிவிடுகிறது.