ஊசியா, நேராக பலூனா? மதுரைக்கு 62 கிலோமீட்டர் தள்ளியிருப்பவனின் கணக்கு

போன ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி, எங்கள் ஊர் மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி பத்து நிமிடத்துக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு மாரடைப்பு. ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. பகுதி மேலே தூக்கி நின்றது. இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். எங்கள் முன் இருந்த வழிகள் இரண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு மதுரைக்குக் கிளம்புவது ஒன்று. ஊசியே வேண்டாம் என்று ஆம்புலன்ஸில் ஏற்றி, மதுரையில் நேராக கேத் லேபுக்குள், அதாவது ரத்தக்குழாய் அடைப்பைப் படம் பிடித்துத் திறக்கும் அறைக்குள் கொண்டுபோய், கை ரத்தக்குழாய் வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு பலூனால் அடைப்பைத் திறப்பது இன்னொன்று.

மதுரையில் இருக்கும் அக்கா போனில் ஒரே பிடிவாதம்: “ஊசி கீசின்னு நேரத்தைக் கெடுக்காதடா, நேரா இங்க கூட்டிட்டு வா.” டியூட்டி டாக்டர் அதற்கு நேர் எதிர். நான் டாக்டர் பக்கம் சாய்ந்து கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான். ஆனால் அக்கா சொன்னதிலும் நியாயம் நிறைய உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பலூன் சிறந்த வைத்தியம். இதில் சண்டையே இல்லை. ஊசிக்கும் பலூனுக்கும் போட்டி வைத்த 23 ஆய்வுகளை, மொத்தம் 7,739 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அலசல் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள், பலூன் வைத்தவர்களில் 7 பேர். பக்கவாதமும் பலூன் பக்கம் குறைவு. பலூனால் பத்தில் ஒன்பது குழாய்க்கு மேல் நன்றாகத் திறந்துவிடும்; ஊசி அந்த அளவுக்குத் திறப்பது, நல்ல மருந்தாக இருந்தாலும், பாதிக்குச் சற்று மேல்தான். போதாக்குறைக்கு, ஊசி போட்ட நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து வேறு.

சென்னையில் என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது வீட்டிலிருந்து கேத் லேபுக்கு இருபது நிமிடம். ஊசிப் பேச்சே எழவில்லை, எழவும் கூடாது.

செலவு, ஸ்டென்ட் (திறந்த குழாய் மறுபடி மூடாமல் தாங்க உள்ளே வைக்கும் வலைக்குழல்), அப்புறம் சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை நான் ஒப்பிடப் போவதில்லை. இரண்டு வழியிலும் பெரும்பாலும் ஸ்டென்டில்தான் போய் முடியும். ஒரு வருடத்துக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை இரண்டு, கொழுப்புக்கு ஒன்று என்பதும் ஏறக்குறைய பொது.

ஆக, மிச்சம் இருப்பது கடிகாரம் ஒன்றுதான்.

அந்த 23 ஆய்வுகளின் வெற்றி, பலூன் சீக்கிரம் கிடைத்தவர்களின் வெற்றி. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கும் இதயத்தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டுதல் ஒரு கோடு போட்டிருக்கிறது: ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று தெரிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் கத்தீட்டரின் கம்பி அடைப்பைத் தாண்டிவிடும் என்றால் நேராக பலூனுக்குப் போ. முடியாது என்றால் ஊசியைப் போடு, அதுவும் பத்து நிமிடத்துக்குள்.

எல்லோரும் சறுக்குவது இந்த 120இல்தான். நானும் சறுக்கினேன். “62 கிலோமீட்டர், ராத்திரி ரோடு காலி, ஒரு மணி நேரம், தாராளமாப் போயிடலாமே” என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. “தம்பி, ரோட்டைக் கணக்குப் பண்ணாதீங்க. உள்ள கம்பி போற நேரத்தைக் கணக்குப் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, ஈ.சி.ஜி. தாளின் பின்பக்கமே எழுதிக் காட்டினார். ஆம்புலன்ஸ் வந்து சேர 25 நிமிடம். ஏற்றி, ஆக்சிஜன் வைத்துக் கிளம்ப 10. மழையில் ரோடு 70. அங்கே இறக்கி, இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்து, கையெழுத்து வாங்க 15. நடுராத்திரியில் கேத் லேப் ஆட்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்து மேசையைத் தயார் செய்ய 30. மணிக்கட்டில் குத்தி, படம் பிடித்து, கம்பி அடைப்பைத் தாண்ட 20. கூட்டினால் 170 நிமிடம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

நாம் கூட்டுவது அந்த ஆறில் ஒரு வரியை மட்டும். மற்ற ஐந்தும் சேர்ந்து 100 நிமிடம். ஊர் மதுரைக்குப் பக்கத்தில் வந்தால் 70 என்பது 30 ஆகும், அந்த நூறு அப்படியேதான் நிற்கும். பகல் நேரமாக இருந்து, மருத்துவமனைக்கு முன்பே போன் செய்து, ஈ.சி.ஜி.யை வாட்ஸப்பில் அனுப்பி, வண்டியை நேராக கேத் லேப் வாசலுக்கே விடச் சொன்னால் அதில் பாதியைக் குறைக்கலாம். அந்த ராத்திரி எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

ஊசிக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது இன்னும் கறார். வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் அதன் முழுப்பலன். கட்டி இறுக இறுக மருந்துக்கு மசியாது. பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் போடுவதே இல்லை. இந்தியாவில் இருபதாயிரம் பேருக்கு மேல் பதிவு செய்த கிரியேட் ஆய்வில் (2008) வலி வந்து மருத்துவமனை சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். அப்பாவும் “வாய்வு” என்று சுக்குக் கசாயம் குடித்து ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கியவர்தான். நல்லவேளை, அதோடு நிறுத்திக்கொண்டார். சரியான நேரத்தில் போட்ட ஊசி பலூனுக்கு ஈடாக நிற்குமா என்பதை 2013இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு பார்த்தது. வலி வந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்த, ஒரு மணி நேரத்தில் பலூன் கிடைக்க வழியில்லாத 1,892 பேர். மரணம், ரத்த அழுத்தம் விழுந்துபோகும் அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது ஊசிப் பக்கம் 12.4 சதவீதம், பலூன் பக்கம் 14.3. கிட்டத்தட்ட சமம். மூளை ரத்தக்கசிவு மட்டும் ஊசிப் பக்கம் கூடுதல். அதனால் நடுவிலேயே 75 வயது தாண்டியவர்களுக்கு மருந்தின் அளவைப் பாதியாக்கினார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு அது போதவில்லை, அவசரமாக கேத் லேபுக்குப் போக வேண்டியிருந்தது. “ஊசி போட்டாச்சு, வலி நின்னுடுச்சு, காலையில பாத்துக்கலாம்” என்று உள்ளூரிலேயே படுத்துவிட்டால் நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கு அர்த்தமே இல்லை. ஊசி போட்ட கையோடு வண்டி கிளம்பியாக வேண்டும். 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈ.சி.ஜி.; தூக்கியிருந்த எஸ்.டி. பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் உடனே பலூன். இறங்கியிருந்தால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்களைப் படம் பிடித்துப் பார்ப்பது. தமிழ்நாட்டில் சின்ன மருத்துவமனைகளைப் பெரிய கேத் லேப் மருத்துவமனைகளோடு கோத்து இதே முறையை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 2,420 பேரை வைத்து 2017இல் வெளியான அந்த முடிவில், ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6இலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள்.

ஊசியிலும் ரகம் உண்டு. பழைய ஸ்ட்ரெப்டோகைனேஸ் விலை குறைவு, சொட்டுச் சொட்டாக முக்கால் மணி நேரம் ஏறும். பாக்டீரியாவிலிருந்து எடுப்பது என்பதால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை போட மாட்டார்கள். டெனெக்டிப்ளேஸ் பல மடங்கு விலை, எடைக்கேற்ற அளவில் சில நொடிகளில் ஒரே தள்ளு. அப்பாவுக்கு இரண்டாவது.

10.35க்கு ஈ.சி.ஜி. முன்பு மூளையில் ரத்தக்கசிவு உண்டா, ஆறு மாதத்துக்குள் பக்கவாதம் வந்ததா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றிருந்தாலும் ஊசிக் கதவு மூடியிருக்கும். 10.55க்கு ஊசி. அக்காவோடு நான் வாதாடிய நேரம் இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் ஆகியிருக்கும். 11.20க்கு வண்டி கிளம்பி, ரயில்வே கேட்டில் நின்று, 12.40க்கு மதுரை சேர்ந்தோம். வழியிலேயே வலி குறைந்துவிட்டது. அங்கே எடுத்த ஈ.சி.ஜி.யும் இறங்கியிருந்தது. கேத் லேப் மேசையில் வேறொருவர் இருந்தார், ஒன்றரை மணி வரைக்கும் அது காலியாகவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. முன்பக்கக் குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, 80 சதவீதச் சுருக்கம் மட்டும் மிச்சம். ஒரு ஸ்டென்ட்.

இது ஒரே ஒரு மனிதரின் கதை என்பதை மறக்கவில்லை. அந்த 36 சதவீதத்தில் அப்பா விழுந்திருந்தால், அல்லது மூளையில் கசிந்திருந்தால், நான் இதே உறுதியோடு பேசுவேனா என்று கேட்டால் பதில் இல்லை. அவருக்கு வயது 66. எண்பது வயதுக்காரரின் பிள்ளையாக இருந்தால் கை நடுங்கியிருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து உடம்பு சில்லிட்டுப்போனவர்களுக்கு எவ்வளவு தூரமானாலும் கேத் லேபுக்குப் போயே ஆக வேண்டும். எஸ்.டி. தூக்காத மாரடைப்புக்கு இந்த ஊசி கிடையவே கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் தரும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் வகை மாத்திரைகளை உடனே விழுங்க வேண்டியதுதான், ஆனால் அது ஊசிக்கோ பலூனுக்கோ மாற்று இல்லை.

அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டிலிருந்து கேத் லேப் பதினைந்து நிமிடம். அவள் வீட்டு வாசலில் நின்று கணக்குப் போட்டால் அவள் சொல்வது சரிதான்.