'கால் இட் எ டே'யும் அதன் போட்டித் தொடர்களும்

ஒரு செயலை முடித்துக்கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'கால் இட் எ டே', 'த்ரோ இன் தி டவல்' (துண்டை எறிதல்), 'புல் தி பிளக்' (மின்செருகியைப் பிடுங்குதல்) ஆகிய மூன்று தொடர்கள் பெரிதும் புழங்குகின்றன. மேலோட்டமாக ஒன்றுபோலத் தோன்றினாலும், இடம் மாற்றிக் கையாண்டால் எழுதியவர் நினைக்காத தீர்ப்பு ஒன்று வாக்கியத்துக்குள் புகுந்துவிடும்.

முதலாவது, 'இன்றைக்கு இது போதும்' என்ற அளவில் நிற்பது. 19ஆம் நூற்றாண்டில் இது 'கால் இட் ஹாஃப் எ டே' என்றே வழங்கியது. செய்த வேலையை அரை நாள் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்பலாம் என்பது அதன் பொருள். நம் 'கடையைக் கட்டுதல்' இதற்கு நெருக்கமானது, ஆனால் அதில் இழையோடும் கேலி இதில் இல்லை. நிரந்தர முடிவுக்கும் இத்தொடர் பொருந்தும். 1980இல் தொடங்கிய அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆர்.இ.எம்., 2011 செப்டம்பரில் தான் கலைவதை இச்சொற்களாலேயே அறிவித்தது. துண்டை எறிவதாகச் சொல்லியிருந்தால், அவர்களைத் தோற்கடித்தது எது என்று ரசிகர்கள் தேடத் தொடங்கியிருப்பார்கள்.

தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டையை நிறுத்தத் துண்டை எறிவது குத்துச்சண்டைக் களத்தில் பிறந்த வழக்கு. துண்டுக்கு முன்பு அங்கே பறந்தது வீரரைத் துடைக்கும் ஸ்பாஞ்ச். 2020 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் டைசன் ஃபியூரியிடம் டியான்டே வைல்டர் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, 7ஆவது சுற்றில் துண்டை எறிந்தவர் அவருடைய பயிற்சியாளர் மார்க் பிரீலண்ட். வைல்டருக்கு அதில் உடன்பாடு இல்லை. களத்தில் துண்டு எறிபவர் வீரரைக் காக்க நினைக்கும் துணையாளர், ஆனால் பேச்சு வழக்கில் எறிபவரே தோற்றவர். இந்த இடமாற்றத்தால்தான் இத்தொடரில் இயலாமையின் சாயல் இவ்வளவு அழுத்தமாகப் படிந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஓய்வுபெறும் மேலதிகாரிக்கான வாழ்த்து மடலில் இதை எழுதுவது ஆங்கிலம் தெரியாததைவிட ஆபத்தானது.

மூன்றாவதில், முடிவெடுப்பவர் பெரும்பாலும் வேலை செய்தவராக இருப்பதில்லை. பணத்தை நிறுத்தும் முதலீட்டாளரோ, தொடரை நிறுத்தும் தொலைக்காட்சி நிறுவனமோ ஆவார். மருத்துவமனையில் உயிர்காக்கும் கருவியை நிறுத்துவதையும் இதே தொடர் குறிப்பதால், நோயுற்றவரின் குடும்பத்தாருக்கு எழுதும்போது வேறு எதைப் பற்றியானாலும் இதைத் தவிர்ப்பதே நல்லது.