ஃபோல்ட்ஸ்கோப் காகித நுண்ணோக்கி: அரை மில்லிமீட்டர் விவகாரம்

மடித்துச் செய்யும் இந்தக் காகித நுண்ணோக்கியை வாங்கியவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஒண்ணுமே தெரியல, வெறும் வெளிச்சம்தான் தெரியுது." பெரும்பாலும் கோளாறு கருவியில் இருக்காது, பார்க்கும் பொருளை வைக்கும் கண்ணாடித் தகடான சிலைடைத் திருப்பிப் போட்டதில் இருக்கும். ஏன் என்று புரிய லென்ஸிலிருந்து தொடங்க வேண்டும்.

மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவராக இருந்த ஜிம் சிபுல்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கியது இது. வடிவமைப்பை விளக்கும் கட்டுரை 2014-ல் வெளியானது. "ஒரு டாலர் நுண்ணோக்கி" என்ற பெயரும் அதிலிருந்துதான் வந்தது. அந்த ஒரு டாலர் உதிரிப் பொருள்களின் அடக்கச் செலவு, கடை விலை இல்லை. அதை நம்பி வாங்கப் போனால் விலையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பது ஒரே ஒரு கண்ணாடிக் குண்டு. கோலிக்குண்டை 2.4 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. உருண்டை சிறுக்கச் சிறுக்க உருப்பெருக்கம் கூடும். இந்த அளவுக்கு 140 மடங்கு. பதினேழாம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் குளத்து நீரில் உயிர்களைப் பார்த்ததும் ஒற்றை லென்ஸில்தான். ஆனால் இந்தச் சிறிய உருண்டைக்கு ஒரு விலை உண்டு. பார்க்கும் பொருள் லென்ஸின் பரப்பிலிருந்து அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான தூரத்தில் இருந்தால்தான் உருவம் தெளியும். சாதாரணக் கண்ணாடிச் சிலைடின் தடிமனோ 1 மில்லிமீட்டர். சிலைடின் அடிப்பக்கம் லென்ஸைப் பார்த்தபடி செருகினால், எவ்வளவு தள்ளினாலும் இழுத்தாலும் ஃபோகஸ் வராது, லென்ஸ் கண்ணாடியில் போய் முட்டும். பொருளை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப் ஒட்டிய பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். கவர் ஸ்லிப்பின் தடிமன் 0.17 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் இடம் மிச்சமிருக்கும். இந்த ஒரு விஷயத்தை உறையின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம்.

மடிப்பது கடினமில்லை. துளையிட்ட தாளிலிருந்து பாகங்களைப் பிரித்து, நிறக்குறி பார்த்துச் செருகினால் முதல் முறை அரை மணி நேரத்தில் முடியும். அவசரப்பட்டுப் பிய்த்தால் ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறுதான் பிறகு, உருவத்தைத் தெளியவைக்க நகர்த்தும் ஃபோகஸ் பட்டையை நகரவிடாமல் சிக்க வைக்கும். சிறிய கத்தரிக்கோலால் ஓரங்களைச் சீவிவிட்டு மடிப்பது நல்லது. தாள் சாதாரணக் காகிதம் இல்லை, நனைந்தாலும் கிழியாத செயற்கைத் தாள். அதற்காகத் தண்ணீரில் முக்க வேண்டாம்: மடிப்புக்குள் புகுந்த நீர் காயும்போது லென்ஸில் உப்புக் கறை படியும்.

கண்ணால் பார்ப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். இமை உரசும் அளவுக்குக் கண்ணை லென்ஸோடு ஒட்டி வைக்க வேண்டும். நான்கு விரல் தள்ளி வைத்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் மட்டும் தெரியும். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டே பார்க்கலாம், ஃபோகஸ் பட்டை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். பள்ளிக்கூட நுண்ணோக்கியில் போல உருவம் தலைகீழாகத் தெரியாது என்பது இன்னொரு வசதி. வெளிச்சத்துக்கு நிழல் பக்கத்து வானமோ வெள்ளைச் சுவரோ போதும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான். எல்.இ.டி. விளக்கு வைத்தால் நடுவில் கண்கூசும் பொட்டு விழும். விளக்குக்கும் சிலைடுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை வைத்தால் சரியாகிவிடும்.

போனில் படம் எடுக்கக் காந்த வளையம் ஒன்று வருகிறது, அதை கேமரா மேல் ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று கேமரா உள்ள போன்களில்தான் தொல்லை. பக்கத்தில் பொருள் வந்ததும் போன் தானாகவே வேறு கேமராவுக்குத் தாவிவிடும், திரை கறுத்துப்போகும். முதன்மைக் கேமரா எது என்று ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதன் மேல் வளையத்தை ஒட்டி, திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும். அதன் பிறகு கருவியின் பட்டையை மட்டும் நகர்த்தினால் போதும்.

இனி, எதைப் பார்க்கலாம்? வெங்காயத்தின் உள் செதிலை உடைத்தால் உரிந்து வரும் மெல்லிய சவ்வு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒரு சொட்டு நீர், அதில் சுருக்கமில்லாமல் சவ்வு, மேலே கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழி வராது. கரிய விளிம்போடு பளிச்சென்று வட்டமாகத் தெரிவது செல் இல்லை, அந்தக் குமிழிதான், ஏமாறாதவர் குறைவு. உருளைக்கிழங்கை வெட்டிய கத்தியின் ஈரத்தை வழித்துப் போட்டால் மாவுமணிகள் கூழாங்கற்கள் போலக் கிடக்கும். அதில் நீர் கலந்த பீட்டாடைன் ஒரு துளி சேர்த்தால் கண்ணெதிரே நீலக்கறுப்பாகும். செம்பருத்தி மகரந்தம் முள்ளுருண்டையாகத் தெரியும். வண்ணத்துப்பூச்சி இறகின் தூளை டேப்பில் ஒற்றி எடுத்தால் ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள்.

கன்னத்தின் உட்புறச் செல்லுக்குச் சாயம் வேண்டும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் புளூவை வெளிர்நீலமாகும் வரை நீர்த்துப் பயன்படுத்தலாம். செல் தெளிவாகத் தெரியும், உட்கரு சிறு புள்ளியாக மட்டும்.

குளத்துத் தண்ணீர்தான் உண்மையான விருந்து. நடுக்குளத்துத் தெளிந்த நீரில் ஒன்றும் கிடைக்காது. பாசியைப் பிழிந்த நீர், அழுகிய இலைக்கு அடியில் உள்ள வண்டல் இரண்டிலும்தான் கூட்டம். அளவு மிக முக்கியம். சொட்டுக்குழாயின் முழுச் சொட்டை வைத்தால் கவர் ஸ்லிப் மிதந்து வழுக்கும். கால் சொட்டு போதும், மிகுந்ததை டிஷ்யூ தாளின் ஓரத்தால் உறிஞ்சிவிடலாம். பாரமீசியம் கால் மில்லிமீட்டர் நீளம், ஆனால் நொடியில் பார்வைக்கு வெளியே ஓடிவிடும். பஞ்சின் நாலைந்து இழைகளை நீரில் பரப்பி வைத்தால் அந்த வேலிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரின் தலையில் சக்கரம் சுழல்வது போன்ற காட்சியை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடியும். சிறிது நேரத்தில் நீர் வற்றத் தொடங்கும், ஓரத்தில் ஒரு துளி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எது தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தயிரில் உள்ள நுண்ணுயிர்களைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். அதன் உருண்டை வகைகள் 1 மைக்ரானுக்கும் குறைவு, இட்லி மாவைப் புளிக்க வைப்பவையும் அப்படித்தான். ஈஸ்ட் 5 முதல் 10 மைக்ரான், மங்கிய மணிகளாகத் தெரியும். மலேரியா கண்டறிய உதவும் என்ற பேச்சு ஆரம்ப காலத்தில் நிறைய அடிபட்டது. கையில் கிடைக்கும் 140 மடங்குக் கருவியால் அது ஆகாது. அந்தப் பரிசோதனை ஆய்வகத்தில் எண்ணெய் இட்டு 1000 மடங்கில் பார்ப்பது. பார்வைப் பரப்பின் நடுப்பகுதி மட்டும் கூர்மை, ஓரம் மங்கலும் நிறப்பிசிறும் என்பது உருண்டை லென்ஸின் பிறவிக்குணம். எறும்பு, கொசுப்புழு போன்ற தடித்த பொருள்களை வைத்தால் கறுப்பு நிழல்தான் தெரியும்.

சந்தையில் "1200 மடங்கு" என்று எழுதிய பிளாஸ்டிக் பொம்மை நுண்ணோக்கிகள் கிடைக்கின்றன. பிரித்தறியும் திறன் இல்லாத 1200 மடங்கு, மங்கலைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு சரி. அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் மேசையில் வைத்து மணிக்கணக்கில் பார்க்க வேண்டும், செல்லின் உட்கருவைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றால், கூடுதலாகப் பணம் சேர்த்து 400 மடங்கு காட்டும் மாணவர் நுண்ணோக்கியை வாங்குவதே சரி. இதன் இடம் குளக்கரை, வயல்வரப்பு, சட்டைப்பை.

பத்து வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர்தான் மடித்துத் தர வேண்டும். வாங்கும்போதே சதுரக் கவர் ஸ்லிப் பெட்டி ஒன்றும் கூர்முனைச் சாமணமும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கவர் ஸ்லிப் உடையாத நாளே இருக்காது, உடைந்த சில்லு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. லென்ஸை விரலால் தொடக் கூடாது, அழுக்கானால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் துடைக்க வேண்டும். காந்த வளையத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் முதலில் டேப்பால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடைக்கவும், இல்லாவிட்டால் அந்தத் தூளே லென்ஸைக் கீறிவிடும்.